வாடகையில்லாக் கட்டடம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் போர்டு பள்ளிகள் செலவுக்கு ஒப்புதல் பெற்ற முறை

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளியின் முகப்பில் ‘ஜில்லா பரிஷத்’ என்று தெலுங்கில் எழுதியிருக்கும். எல்லைக்கு இப்பால், திருத்தணிப் பக்கத்து முதியோர் அதே வகைப் பள்ளியை இன்னும் ‘போர்டு ஸ்கூல்’ என்பர். இரண்டும் ஒரே மரபிலிருந்து வந்த பெயர்கள். பள்ளியை நடத்தியது நேரடியாக அரசு அன்று. உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் நிறைவேற்றும் ஒரு மன்றம் என்பதை இரு பெயர்களும் சொல்கின்றன. அம்மன்றம் எவ்வாறு கூடிற்று, ஒரு ரூபாயைச் செலவிட அதற்கு யாருடைய இசைவு வேண்டியிருந்தது, அந்த இசைவு முறை எந்தக் குழந்தையைப் பள்ளிக்குள் விட்டது, எந்தக் குழந்தையை வெளியே நிறுத்தியது என்பதே இப்பதிவின் பொருள்.

நம் கல்வி வரலாறுகள் பெரும்பாலும் ஆணையங்களின் அறிக்கைகளையும் எழுத்தறிவு விகிதங்களையும் வைத்து எழுதப்படுகின்றன. போர்டுகளின் வரவு செலவுத் திட்டத்தை எடுப்போரும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். என் கருத்தில், சிற்றூர்ப் பள்ளியின் வரலாற்றில் பெரும்பகுதி ‘கட்டட வாடகை’ என்ற சிறு தலைப்பின்கீழ் ஒளிந்திருக்கிறது. அதிலும் அங்கே எழுதப்படாத தொகைதான் முக்கியமானது.

தொடக்கத்திலிருந்து வருவோம். 1863ஆம் ஆண்டின் சென்னைக் கல்விச் சட்டம், ஊரார் தாமே விரும்பித் தம்மீது வரி விதித்துக்கொண்டு பள்ளி நடத்தலாம் என்றது. தாமே விரும்பி வரி கட்டும் ஊர் எங்கே இருக்கிறது? சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது. அதன் இடத்திற்கு 1871ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதும் 36 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் கலெக்டர் தலைமையில் ஒரு ஸ்தல நிதி போர்டு அமைந்தது. நிலவரியோடு சேர்த்து வாங்கிய மேல்வரியே, அதாவது மக்கள் ‘செஸ்’ என்று அறிந்ததே, போர்டின் முதன்மையான வருவாய். அந்தச் செஸ்ஸில் மூன்றில் இரண்டு பங்கைச் சாலைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், அம்மை குத்துதல், சத்திரம் ஆகிய அனைத்தும் எஞ்சியதில் போட்டியிட வேண்டும். யூனியன் பள்ளிகளுக்கென்று கொண்டுவந்த வீட்டு வரி பெரும் வெறுப்பைச் சம்பாதித்துச் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. ஆகவே போர்டு கல்வியைப் பற்றி முதன்முதலில் கற்றுக்கொண்ட பாடம் சிக்கனம்.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு மே மாதத் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884இல் சென்னை ஸ்தல போர்டுச் சட்டம் பிறந்தது. ஜில்லா போர்டு, தாலூகா போர்டு, யூனியன் பஞ்சாயத்து என்ற மூன்று அடுக்குகள் அச்சட்டத்தால் வந்தவை. அக்காலத்தில் சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சித்தூர் தனி ஜில்லாவானது 1911 ஏப்ரல் 1ஆம் நாள்தான். வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், பலமனேர், சந்திரகிரி தாலூகாக்களும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலூகாக்களும், காளகஸ்தி, கார்வேட்டி நகரம், புங்கனூர் முதலிய ஜமீன் பகுதிகளும் சேர்ந்து உருவானது அது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நாடு. அரசுக்கு நேரே வரி கட்டும் நிலமும் ஜமீனும் கலந்து கிடந்த நாடு. ஜமீன் நிலத்தில் செஸ்ஸை ஜமீன்தார் கட்டிவிட்டு, அதில் பாதியைக் குடிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அதாவது பள்ளியைக் கண்ணால் காணாத குடியானவனும் பள்ளிக்குப் பணம் தந்துகொண்டிருந்தான்.

கூட்டம் நடந்த முறையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய மாணவர்களுக்கு அது வெறும் சடங்காகத் தோன்றக்கூடும். ஜில்லா போர்டின் தலைவர் கலெக்டர்; தாலூகா போர்டின் தலைவர் டிவிஷனல் ஆபீசர். கூட்ட அறிவிப்பும் பொருள் நிரலும் தலைவரிடமிருந்து புறப்படும். குறைவெண் இருந்தால் கூட்டம், இல்லாவிட்டால் ஒத்திவைப்பு. பெரும்பான்மையால் முடிவு, வாக்குகள் சமமானால் தலைவரின் இரண்டாம் வாக்கு. முடிவுகள் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறும். இவை எல்லாம் இன்றைய மன்றங்களிலும் உள்ளவைதாம். வேறுபாடு எங்கே என்றால், நிரலை எழுதுபவரும், கூட்டத்தை நடத்துபவரும், முடிவை மேலே அனுப்புபவரும், மேலிருந்து அதைத் தடுக்கும்படி பரிந்துரைக்கக்கூடியவரும் ஒரே அதிகாரியாக இருந்தார். மேசையைச் சுற்றி மிராசுதாரும் வக்கீலும் ஜமீன் காரியஸ்தரும் அமர்ந்திருந்தனர். கலெக்டரை எதிர்த்துப் பேச அவர்களுள் எத்தனை பேருக்குத் துணிவிருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்திற்கே விடுகிறேன்.

இனிச் செலவு. ஒரு சிற்றூருக்குப் பள்ளி வேண்டும் என்ற மனு வந்தால், அது தீர்மானமாவதற்கு முன்பே நெடும்பயணம் போகும். பள்ளி ஆய்வாளர் அவ்வூரில் எத்தனை குழந்தைகள் வருவர், அருகே வேறு பள்ளி உண்டா என்று குறிப்பெழுதுவார். கட்டடம் என்றால் ஸ்தல நிதிப் பொறியாளரின் மதிப்பீடு வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் அந்தத் தலைப்பில் தொகை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். தாலூகா போர்டின் திட்டம் ஜில்லா போர்டின் வழியாகவே உறுதிப்படும். ஜில்லா போர்டின் திட்டமோ சென்னைக்குப் போகும். இத்தனைக்கும் பிறகு பணம் கொடுத்தால், தணிக்கையாளர் வருவார். ஸ்தல நிதிக் கணக்குகளுக்கென்று தனித் தணிக்கைத் துறையே இருந்தது. விதிக்குப் புறம்பாகக் கொடுத்த தொகையை அதற்குக் காரணமானவரிடமிருந்தே வசூலிக்கும் தண்டத் தீர்வை என்னும் ஏற்பாடும் பின்னர் உறுதிப்பட்டது. ‘சர்சார்ஜ்’ என்ற சொல்லைக் கேட்டாலே போர்டு எழுத்தர்கள் நடுங்கினர் என்றால் அது மிகையாகாது.

ஆக, தீர்மானம் நிறைவேற்றும் கை ஒன்று. பணத்தை அவிழ்க்கும் கை மற்றொன்று. இந்தப் பிரிவினையைக் குடியேற்ற ஆட்சியின் அவநம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊழலைத் தடுக்கும் நோக்கமும் அதில் இருந்தது. ஆனால் அதன் விளைவு வேறாயிற்று. பெரிய செலவு எதுவும் போர்டின் கையில் முழுமையாக இல்லாதபோது, சிறிய முடிவுகளே போர்டின் உண்மையான அதிகாரமாயின. அத்தகையவை இரண்டு: எந்த ஆசிரியரை எங்கே அமர்த்துவது, பள்ளியை ஊரின் எந்த இடத்தில் வைப்பது.

ஆசிரியரைப் பற்றி ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்ச்சிக்கேற்ப மானியம் என்னும் முறை சென்னை மாகாணத்தில் நடந்தது. ஆய்வாளர் வந்து, குழந்தை குழந்தையாகச் சோதித்து, தேறிய தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் தருவார். போர்டு பள்ளி ஆசிரியர் பலருக்குச் சிறிய நிலைச் சம்பளமும் இந்த மானியமும் சேர்ந்ததே ஊதியம். நன்றாகத் தேறக்கூடிய வீட்டுப் பிள்ளைகளையே ஆசிரியர் நாடியதில் வியப்பில்லை. மழைக்காலத்தில் வயலுக்குப் போய்விடும் பிள்ளை அவர் கணக்கில் நட்டம்.

இடத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கட்டடம் கட்டப் பணமில்லை. வாடகைக்குத் தலைப்பு சிறியது. அப்போது ஊரிலிருந்து ஒருவர் முன்வருகிறார்: “இடம் நான் தருகிறேன், வாடகை வேண்டாம்.” அது கோயில் மண்டபமாக இருக்கலாம், ஊர்ச் சாவடியாக இருக்கலாம், அக்கிரகாரத்திலோ பெரிய தெருவிலோ உள்ள ஒரு வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். போர்டுக்கு இதைவிட எளிதான தீர்மானம் வேறில்லை. மதிப்பீடு வேண்டாம், தொழில்நுட்ப இசைவு வேண்டாம், மேலிடத்துக்கு எழுத வேண்டாம். தணிக்கையாளர் கொடுத்த பணத்துக்குத்தான் பற்றுச்சீட்டுக் கேட்பார். கொடுக்காத வாடகையைப் பற்றி அவருக்குக் கேள்வியே எழாது. அந்த மண்டபத்துக்குள், அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாத குழந்தைகள் அவ்வூரில் இருந்தனர் என்பது எந்தப் பதிவேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை. அவர்களின் பெற்றோர் உழுத நிலத்தின்மீதும் செஸ் விழுந்தது; அந்தச் செஸ்ஸால் நடந்த பள்ளி அவர்களுக்கு மூடியே இருந்தது. இது எவரும் கூடித் தீட்டிய சதி அன்று. ஒவ்வொரு படியிலும் சிக்கனம் என்ற நல்ல பெயரோடு நடந்தது. அதனாலேயே அதை எதிர்த்து வாக்களிக்க மேசையைச் சுற்றி அமர்ந்த எவருக்கும் காரணம் தென்படவில்லை.

இது என் ஊகம் மட்டும் அன்று. பொது நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளில் மிகச் சிறு பகுதியில்தான் பஞ்சமர் என்று அன்று வழங்கப்பட்ட மக்களின் குழந்தைகள் சேர்க்கப்படுகின்றனர் என்பதைச் சென்னை அரசே 1919இல் எடுத்துக்கொண்டது. பள்ளிகள் அக்கிரகாரங்களிலும், சாவடிகளிலும், கோயிலைச் சேர்ந்த இடங்களிலும் நடப்பதே தடை என்று கண்டு, எல்லோரும் வரக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்றும்படி உள்ளாட்சி மன்றங்களுக்கு ஆணையிட்டது. ஆணை தெளிவானது. ஆனால் அதை நிறைவேற்ற வேண்டியது யார்? அதே போர்டு. திண்ணையை விட்டு வெளியேற வேண்டுமானால் வாடகை வேண்டும், அல்லது கட்டடம் வேண்டும். இரண்டுக்கும் மதிப்பீடும் தலைப்பும் தீர்மானமும் வேண்டும். இலவசமாகக் கிடைத்த இடத்தை விட்டுப் பணம் கொடுத்து வேறிடம் தேடுவானேன் என்று ஓர் உறுப்பினர் கேட்டால், நிதி விதிகளின்படி அவர் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி.

அடுத்த ஆண்டே, 1920இல், இரண்டு சட்டங்கள் வந்தன. புதிய ஸ்தல போர்டுச் சட்டம் கலெக்டரைத் தலைமையிலிருந்து விலக்கி, அலுவலர் அல்லாத தலைவர்களுக்கு வழிவிட்டது. தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி மன்றம் விரும்பினால் கல்வி வரி விதிக்கலாம், அவ்வாறு விதித்தால் அரசு அதற்குக் குறையாத தொகையைத் தன் பங்காகத் தரும் என்றது. கட்டாயக் கல்வியைத் தம் எல்லையில் கொண்டுவரத் தீர்மானிக்கும் உரிமையும் அம்மன்றங்களுக்கே தரப்பட்டது. அங்கீகாரத்தையும் மானியத்தையும் கவனிக்க ஜில்லாக் கல்விக் கவுன்சில்கள் அமைந்தன. அப்போது ஸ்தல சுயாட்சித் துறையைக் கையில் வைத்திருந்தவர் காளகஸ்தியில் பிறந்த பானகல் அரசர் ராமராயநிங்கார். நம் வட்டாரத்து மனிதர். 1921 முதல் 1926 வரை முதலமைச்சராகவும் இருந்தார். போர்டுகளுக்கு உறுப்பினரை நியமிக்கும் அதிகாரம் அத்துறையின் கையில் இருந்ததால், நீதிக்கட்சிக்கு அது எவ்வளவு பெரிய கருவியாயிற்று என்பது அரசியல் வரலாறு படித்தோருக்குத் தெரியும். கல்விக்கு என்ன ஆயிற்று என்பதை அதே அளவு ஆர்வத்தோடு நாம் கேட்டதில்லை.

கல்வி வரி, தேர்தலில் நிற்க வேண்டிய உறுப்பினர் தாமே தம் வாக்காளர்மீது விதிக்க வேண்டிய வரி. 1863இன் கதை வேறு உருவில் திரும்பியது. கட்டாயக் கல்விக்கு முன்வந்த மன்றங்கள் மிகச் சிலவே. ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் தலைவர்களின் கைக்கு வந்தன. தேர்தல் நெருங்கும்போது ஆசிரியர்கள் ஊர் ஊராக மாற்றப்பட்ட குறைகள் மாகாணம் முழுவதிலும் எழுந்தன. கூட்டம் இப்போது உண்மையிலேயே விவாதிக்கும் கூட்டமாயிற்று. ஆனால் விவாதம் பெரிதும் ஆட்களைப் பற்றியது.

திண்ணையில் இருந்த பள்ளி? அதை மாற்றும் வேலையைப் போர்டுகளிடம் முழுமையாக எதிர்பார்க்க முடியாது என்று அரசு நடைமுறையில் ஒப்புக்கொண்டது. 1920இல் தொழிலாளர் நல ஆணையர் பதவி உருவாகி, ஜி. எஃப். பாடிசன் அதில் அமர்ந்தார். அவர் துறையின்கீழ் சேரிகளில் தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மக்கள் அவற்றை ‘லேபர் ஸ்கூல்’ என்றனர். பின்னாளில் ஹரிஜன நலப் பள்ளிகளாகி, தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இன்றும் தொடர்பவை அவையே. இரட்டைப் பள்ளி முறை என்று நாம் குறிப்பிடும் ஒன்றின் வேரைத் தேடுவோர் சமயத்திலும் சாதி நம்பிக்கையிலும் மட்டும் தேட வேண்டியதில்லை. வாடகைத் தலைப்பையும் பார்க்கலாம். பொது வழி, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லோர்க்கும் உரியவை என்ற இரட்டைமலை சீனிவாசனின் 1924ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தீர்மானத்தை இந்தப் பின்னணியில் வாசித்தால் அதன் கூர்மை வேறாகத் தெரியும். பொது வழியே இல்லாத இடத்தில் பொதுப் பள்ளி இருந்தது என்பதுதான் அன்றைய நிலை.

திருப்பதி நகரத்தின் கதை சற்றே வேறு. 1886இலேயே அது நகராட்சியாயிற்று. சித்தூருக்கு அந்தத் தகுதி வர 1917 ஆயிற்று. திருப்பதியில் கல்விக்குப் பணம் வரும் ஊற்று வேறொன்றும் இருந்தது. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை நிர்வகித்த ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் பள்ளிகள் நடத்தினர். வேலூரிலும் அவர்கள் ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்தினர். கிறித்தவ மிஷன்களும் இருந்தன. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1896இல் மேற்படிப்புக்காகச் சேர்ந்தது திருப்பதியிலிருந்த ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளியில்.  1932ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகந்துகளின் இடத்தில் தேவஸ்தானக் குழுவும் ஆணையரும் வந்தபோது, கோயில் பணத்தைக் கல்விக்குச் செலவிடுவதும் வரவு செலவுத் திட்டமும் தீர்மானமுமாக மாறிற்று. 1945இன் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரிக்கும் 1954இன் பல்கலைக்கழகத்துக்கும் பின்னால் அந்தக் குழுவின் மேசை இருக்கிறது. பதினைந்து மைல் தொலைவில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு இரண்டு ரூபாய் வாடகை கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், உண்டியல் ஓர் ஊருக்குக் கல்லூரி தந்தது. ஒரே ஜில்லாவுக்குள் இருந்த இந்த ஏற்றத்தாழ்வு தனி ஆய்வுக்குரியது.

1934இல் தாலூகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. அவற்றின் பள்ளிகள் ஜில்லா போர்டிடம் சென்றன. ஊருக்கு அருகிலிருந்த மேசை இன்னும் தள்ளிப் போயிற்று. விடுதலைக்குப் பின், 1959இன் ஆந்திரச் சட்டம் ஜில்லா போர்டை ஜில்லா பரிஷத் ஆக்கியது. தொடக்கப் பள்ளிகள் பஞ்சாயத்து சமிதிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகள் பரிஷத்துக்கும் என்று பங்கிடப்பட்டன. அந்த மை உலர்வதற்குள், 1960 ஏப்ரல் 1ஆம் நாள், படாஸ்கர் தீர்ப்பின் வழியே திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டிலிருந்து சத்தியவேடு பகுதி சித்தூருக்கும் மாறின. எல்லைப் போராட்டத்தின் வரலாற்றை ம.பொ.சி.யை வைத்து நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஆனால் எல்லை மாறிய அன்று பள்ளிகளும் கைமாறின: கட்டடங்கள், நாற்காலிகள், ஆசிரியரின் பணிப் பதிவேடு, வைப்பு நிதிக் கணக்கு எல்லாம். சத்தியவேட்டுத் தமிழ்வழிப் பள்ளி, தெலுங்கில் கூட்டக் குறிப்பு எழுதும் ஒரு பரிஷத்தின் சொத்தாயிற்று. அப்பள்ளிக்குத் தமிழாசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை இனித் தமிழ் தெரியாதோர் பெரும்பான்மையாக அமர்ந்த அவையில் ஒரு பொருளாக வர வேண்டும்.

1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ராஜ் சட்டம் பரிஷத்துக்கு ஏழு நிலைக்குழுக்களைத் தந்தது. அவற்றுள் ஒன்று கல்வி, மருத்துவத்துக்கானது. சட்டத்தை மட்டும் வாசித்தால் 1884ஐ விடப் பெரிதும் முன்னேறிவிட்டோம் எனத் தோன்றும். ஆனால் ஆசிரியர் நியமனம் மாநிலத் தேர்வின் வழியே, ஊதியம் மாநிலக் கருவூலத்தின் வழியே. 2019இல் தொடங்கிய ‘நாடு–நேடு’ திட்டத்தில் பணம் பெற்றோர் குழுவின் வங்கிக் கணக்குக்கே வந்தது. இது உண்மையிலேயே புதுமை: கழிப்பறையையும் சுற்றுச்சுவரையும் எழுப்பும் செலவில் தாய்மார் கையொப்பமிட்டனர். அதே வேளையில், எவ்வெவ் வேலைகள் என்பதை மாநிலமே வகுத்தது, மதிப்பீட்டைப் பொறியாளர் தந்தார், சில பொருள்கள் மாநில அளவில் கொள்முதலாயின. தீர்மானிக்கும் கையும் பணத்தை அவிழ்க்கும் கையும் இப்போது இடம் மாறியிருக்கின்றன, ஒன்றாகிவிடவில்லை.

இடத்தைத் தீர்மானிக்கும் பழைய அதிகாரமோ இன்று உள்ளூர் மன்றத்திடம் அறவே இல்லை. 2022இல் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளோடு சேர்க்கும் அரசாணை மாநிலத் தலைநகரிலிருந்து வந்தது. எட்டு வயதுக் குழந்தை எந்தச் சாலையைக் கடந்து எந்தத் தெரு வழியே நடக்க வேண்டும் என்பது ஓர் அட்டவணையில் முடிவாயிற்று. பல ஊர்களில் பெற்றோர் பள்ளி வாயிலில் நின்று எதிர்த்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 4இல் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஜில்லா பரிஷத் மட்டும் பழைய எல்லையோடே தொடர்ந்தது.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாணைகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். தாலூகா போர்டுகளின் நடவடிக்கைப் புத்தகங்களோ அலுவலகக் கிடங்குகளிலும், முன்னாள் உறுப்பினர் வீட்டுப் பரண்களிலும் கரையான் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கின்றன. சந்திரகிரி, புத்தூர், திருத்தணி தாலூகா போர்டுகளின் 1934க்கு முற்பட்ட குறிப்பேடு எவர் வீட்டிலேனும் இருக்குமானால், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டட வாடகைத் தலைப்பைத் திருப்புங்கள். தொகை எழுதியிருக்கும் ஊர்களை ஒரு பட்டியலாகவும், ‘இலவசம்’ என்றோ வெறும் கோடாகவோ விட்டிருக்கும் ஊர்களை மற்றொரு பட்டியலாகவும் எடுங்கள். இரண்டாம் பட்டியலிலுள்ள ஊர்களுக்குப் போய், அந்தப் பள்ளி முதலில் எங்கே நடந்தது என்று அங்குள்ள சேரியில் கேளுங்கள்.